சின்ன எழுத்தில் கனிஷ்கா

மரியாதை வாரியத்தின் இயக்குநர் தன் வாழ்நாளில் உருப்படியாக எழுதியது ஒரே ஒரு நிரல். ஒரு பெயரை வாங்கிக்கொண்டு, அதைப் பெரிய எழுத்தாகவோ சின்ன எழுத்தாகவோ மாற்றித் திருப்பித் தருகிற நிரல். கணினி படிக்கிற பிள்ளைகள் முதல் வாரத்தில் எழுதிப் பார்த்துவிட்டு மறந்துபோகிற சமாசாரம். அதற்காகத்தான் அவருக்கு அந்த அறை, அந்தக் கார், அந்தச் சுழல் நாற்காலி, பின்னாலேயே தண்ணீர் பாட்டிலோடு ஓடுகிற உதவியாளர் எல்லாம். அவர் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. பயம் ஒன்றும் இல்லை. அவரிடம் இத்தனை வருடம் வேலை பார்த்தும் அந்தப் பெயரை ஒருவர் வாயாலும் கேட்டதில்லை, அதனால் எனக்கே பழக்கமில்லை.

வாரியம் வந்த கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். கோயம்புத்தூர் பீளமேட்டில் ஒரு காதுகுத்து. மண்டபத்து வாசலில் வைத்த ஃப்ளெக்ஸில் தாய்மாமன் பெயரைச் சித்தப்பா பெயரைவிடச் சின்னதாக அடித்துவிட்டார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்த வேண்டும்? மனிதர் ஃப்ளெக்ஸைப் பார்த்தார், சீர்த்தட்டோடு அப்படியே திரும்பிப் போய்விட்டார். போனவர் ஆட்களோடு வந்தார். சாம்பார் அண்டா கவிழ்ந்தது, மண்டை உடைந்தது, கடைசியில் இரண்டு தொகுதிகளில் தேர்தல் முடிவே மாறிப்போனது. அந்த மாமனைக் கூப்பிட்டு, "ஏன்யா, உனக்கு வெட்கமாக இல்லையா?" என்று ஒருவர் கேட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஒருவரும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கமிட்டி போட்டார்கள். யாருக்கு எவ்வளவு மரியாதை என்பதை மனிதர்கள் முடிவு செய்தால்தானே அடிதடி, இனி இயந்திரம் முடிவு செய்யட்டும் என்று கமிட்டி சொன்னது.

அப்போது ஊரில் எல்லாமே பேச ஆரம்பித்திருந்தன. தெருவிளக்குக் கம்பம் பேசும், லிஃப்ட் பேசும், பஸ் பேசும், ஆஸ்பத்திரிக் கதவு பேசும். எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்த்து அவர் யாரென்று தெரிந்துகொண்டு, பெயர் சொல்லி வழிகாட்டும். தமிழில் பேசுவதில் ஒரு தொந்தரவு உண்டு. 'வா' என்பதா, 'வாங்க' என்பதா, 'எழுந்தருளுங்கள்' என்பதா என்று அதற்குத் தெரிய வேண்டும். அதை எங்கே குறித்து வைப்பது? மக்கள் பட்டியலில் புதிதாக ஒரு கட்டம் சேர்ப்பதென்றால் எல்லாத் துறைகளும் டெண்டர் விட வேண்டும், யாருக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்க வேண்டும், அதற்குள் ஆட்சி மாறிவிடும்.

நம் இயக்குநர் அப்போது சாதாரண உதவிப் பொறியாளர். அவர்தான் கண்டுபிடித்தார். பட்டியலில் பெயர்கள் பழைய காலத்துப் பழக்கப்படி ஆங்கில எழுத்தில்தான் கிடக்கின்றன. ஆங்கிலத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் பெரியது, சின்னது என்று இரண்டு உருவம் இருக்கிறது. ஒரு பயனும் இல்லாமல் சும்மா இருக்கிற அந்த வித்தியாசத்தில் மரியாதையைக் குறித்து வைத்தால் என்ன? முழுப் பெயரும் சின்ன எழுத்தில் இருந்தால் கம்பம் 'நில்' என்று சொல்லும். முதல் எழுத்து மட்டும் பெரிதென்றால் 'நில்லுங்கள்'. அத்தனையும் பெரிய எழுத்தென்றால் பெயரையே சொல்லாது, ஏனென்றால் பெரிய மனிதரின் பெயரை வாயால் சொல்வது நம் ஊரில் மரியாதைக் குறைவு. கட்டளையும் இடாது. 'தங்கள் திருவுள்ளம்' என்று ஆரம்பித்துக் காத்திருக்கும். இத்தனை நூற்றாண்டாக எழுத்தில் மேல் கீழ் பார்க்காத மொழிக்கு, கடன் வாங்கியாவது அதைக் கொண்டுவந்து சேர்த்த பெருமை அவரையே சேரும்.

ஊர் அள்ளிக்கொண்டு வந்தது. நகைக்கடைக்காரர், மில் முதலாளி, மூன்று கல்லூரி வைத்திருக்கிறவர், முப்பது லாரி வைத்திருக்கிறவர் என்று எல்லோரும் பெரிய எழுத்துக்கு விண்ணப்பம் போட்டார்கள். சாய்பாபா காலனியில் ஒரு பில்டர், பெரிய எழுத்து கிடைத்த அன்றைக்கே தன் அடுக்குமாடி லிஃப்டில் ஏறி அரைநாள் நின்றார். எந்த மாடி என்று லிஃப்ட் கேட்கவில்லை, அவராகத் திருவாய் மலரட்டும் என்று அது பணிவாகக் காத்திருந்தது. லிஃப்ட் கேட்கட்டும் என்று அவரும் காத்திருந்தார். வெளியே வந்தபோது வியர்த்து ஊற்றியது, ஆனாலும் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. இந்த மாதிரி ஆட்களுக்கு எழுத்து மாற்றித் தருவதுதான் என் வேலை. என் பெயர் இளவெயினி. முதல் எழுத்து மட்டும் பெரியது.

ஒரு மத்தியானம் ஓர் அம்மாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். ஐம்பதைத் தாண்டிய வயது, காட்டன் சேலை, வலது கையில் மாவுக்கட்டு. நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்துத்தான் உட்கார்ந்தார்.

"நீதான் இளவெயினியா கண்ணு? பேரு மாத்தற புள்ள?"

"பேரு மாத்தறதில்லைங்க. எழுத்து மாத்தறது."

"அதேதான். என்னைய மறுபடி சின்ன எழுத்துல போட்டுரு."

நான் நிமிர்ந்து பார்த்தேன். மேலே ஏற்றச் சொல்லி அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன், காலில் விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இறக்கச் சொல்லி ஒருவரும் வந்ததில்லை. திரையில் முகத்தைத் தேடினேன். பெயர் கனிஷ்கா. எல்லாம் பெரிய எழுத்து. கணவர் என்ற இடத்தில் இயக்குநர் இருந்தார். நான் சட்டென்று எழுந்து நின்றுவிட்டேன். அந்த அனிச்சையை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

"உக்காரு கண்ணு. எனக்கு நீ நிக்கறது பாதிதான் தெரியுது," என்றார். "கண்ணுல அழுத்தம். ஓரத்துல இருந்து இருட்டிக்கிட்டே வருது. நடுவுல மட்டும் ஒரு ஓட்டை வழியாப் பாக்கற மாதிரி. டாக்டரு இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாரு."

"வெளிய போறதுக்கு கம்பம் வழி சொல்லுமே மேடம்?"

"சொல்லுச்சு. அவரு இயக்குநர் ஆகற வரைக்கும் நல்லாத்தான் சொல்லுச்சு. நான் சின்ன எழுத்துல இருந்தேனா, தினமும் வடவள்ளி உழவர் சந்தைக்கு நடந்தே போவேன். 'கனிஷ்கா, நில். படி.' நின்னுக்குவேன். 'கனிஷ்கா, இடது பக்கம் வா.' போயிருவேன். எனக்கு அதுதான் கண்ணு. அப்பறம் இவரு பெரிய எழுத்து ஆனாரு. புருசன் ஏறுனா பொண்டாட்டியும் தானா ஏறிக்குவாளாமே? என்னைய ஒரு வார்த்தை கேக்கல. இப்ப கம்பம் என்ன சொல்லுதுன்னு நீயே கேளு."

கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து, பதிவு செய்திருந்ததைப் போட்டார்.

'மேன்மைமிகு அம்மையார் அவர்களுக்குப் பணிவான வணக்கம். தங்கள் திருவுள்ளம் இசையுமாயின், தங்கள் பொற்பாதங்களுக்குச் சற்று முன்பாக, மாநகராட்சியின் பொறுத்தருள வேண்டிய கவனக்குறைவால் நேர்ந்துவிட்ட ஒரு...' அதற்கு மேல் கம்பத்தின் குரல் கேட்கவில்லை. 'அய்யோ சாமி' என்று ஓர் அலறலும் ஏதோ உருளும் சத்தமும்தான் கேட்டது.

"அந்த 'ஒரு'வுக்கு அப்பறம் அது என்ன சொல்லுச்சுன்னு எனக்கு இன்னும் தெரியாது கண்ணு. நான் உள்ள விழுந்துட்டேன்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவரும் சிரித்தார். கட்டுப் போட்ட கையை மேசையில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"அது கூடப் போகட்டும்," என்றார் சிரிப்பு அடங்கியதும். "ஒருத்தரும் என்ற பேரைச் சொல்றதில்ல. சந்தையில என்ற கூட்டாளிக எல்லாம் கனிஷ்கா வா, கனிஷ்கா இந்தக் கீரைய எடுத்துக்கன்னு கத்துவாளுக. பெரிய எழுத்துக்காரிய பேரு சொன்னா சுவர்ல இருக்கற காது கேட்டுட்டுக் கறுப்புப் புள்ளி வெக்குமாமே? பயந்துட்டு எட்ட நின்னு கும்புடறாளுக. வீட்டுலயும் அப்பிடித்தான். முன்ன வாய் நெறைய கனிஷ்கான்னு கூப்புடுவாரு. இப்ப சோறு போடறப்ப, 'அம்மையார் இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துங்க'ங்கறாரு. கட்டுன பொண்டாட்டிய."

ரசம் கேட்கும் அந்தக் காட்சி கண்முன் வந்து நின்றது, சிரிப்பதா காறித் துப்புவதா என்று தெரியவில்லை.

"ஒரே ஒரு தடவ சொல்லு கண்ணு."

"கனிஷ்காக்கா," என்றேன்.

சுவரில் பீப் என்று ஒரு சத்தம் வந்தது. என் கணக்கில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தது. விழட்டும். அந்த அம்மாளின் முகம் மலர்ந்ததைப் பார்க்க நான் இன்னும் பத்துப் புள்ளி கூட வாங்கியிருப்பேன்.

அந்த நேரம் பார்த்து இயக்குநர் உள்ளே வந்தார். மனைவி தன் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்திருப்பதை யாரோ சொல்லியிருக்க வேண்டும். வந்தவர் கையைக் கூப்பினார்.

"அம்மையார் இங்க எழுந்தருளுனது எனக்குத் தெரியாதுங்களே."

"போதும் நிறுத்துங்க," என்றார் கனிஷ்கா. "நான் எழுந்தருளல. ஆட்டோ புடிச்சு வந்தேன். இந்தப் புள்ளகிட்ட என்ற எழுத்தை எறக்கச் சொல்லியிருக்கேன்."

இயக்குநரின் முகம் இருண்டது. கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அதெப்படிங்க முடியும்? விதி இருக்குதுங்களே. என்ற சம்சாரம் சின்ன எழுத்துன்னா ஊரு என்ன பேசும்? மேயரு வீட்டு விசேசத்துக்குப் போறோம்னு வெச்சுக்குங்க. வாசல்ல கதவு எனக்கு வணக்கம் போட்டுட்டு, உங்களப் பாத்து 'உள்ளே வா'ங்கும். என்ற மரியாதை என்னாகறதுங்க?"

"நான் குழியில விழுந்தப்ப உங்க மரியாதை என்ன ஆச்சுங்க?"

"அது ஒரு பொறியியல் பிரச்சினை. சரி பண்ணிக்கலாம்." என் பக்கம் திரும்பினார். "ஏன் அம்மணி, கம்பம் கொஞ்சம் முன்னாடியே பேச ஆரம்பிக்கட்டும். தூரத்துல வரப்பவே வணக்கத்தைச் சொல்லிருச்சுன்னா, பள்ளம் வரதுக்குள்ள விசயத்துக்கு வந்துருமல்ல?"

"பள்ளம்னா சரிங்க சார், அது எங்கயும் போகாது. அதே இடத்துல காத்துட்டு இருக்கும். பஸ் வந்தா என்ன பண்றதுங்க?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அப்ப வேகமாப் பேசட்டும்," என்றார்.

"ஏனுங்க," என்றார் கனிஷ்கா. குரல் தணிந்திருந்தது. "இருட்டுல இருக்கறவளுக்கு 'நில்'லுன்னு ஒரு சொல்லு போதும். நீங்க எனக்கு மரியாதை குடுக்க வேண்டாம். என்ற பேரை மட்டும் எனக்குக் குடுத்துருங்க. நான் பொழச்சுக்கறேன்."

"வீட்டுல போய்ப் பேசிக்கலாமுங்க," என்று சொல்லி அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

வீட்டில் என்ன பேசினார்களோ தெரியாது. அன்று சாயங்காலமே நான் அந்தப் பெயரைச் சின்ன எழுத்துக்கு மாற்றினேன். ஒரு வரிக் கட்டளை, அவ்வளவுதான். காலையில் பார்த்தால் மறுபடி பெரிய எழுத்து. கணவனும் மனைவியும் ஒரே எழுத்தில் இருக்க வேண்டும் என்ற விதியை ராத்திரியில் அவருடைய நிரல் தானாக ஓட்டிச் சரிபார்த்துவிடுகிறது. அதனால் தினமும் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் முதல் காரியமாக அதை இறக்குவேன். அவர் சந்தைக்குப் போய்வருகிற நேரம் முழுக்கச் சின்ன எழுத்தில் இருப்பார். கனிஷ்காக்கா ஒரு நாள் ஃபோனில் கூப்பிட்டார். பின்னால் கம்பத்தின் குரல் கேட்டது: 'கனிஷ்கா, நில். மாடு.' அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. 'கேட்டியா கண்ணு, கேட்டியா' என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அது கொஞ்ச நாள்தான் ஓடியது. மேயரின் தம்பி ஒருமுறை பகல் சாப்பாட்டுக்கு இயக்குநர் வீட்டுக்கு வந்திருக்கிறார். விருந்தாளியின் முன்னாலேயே சமையலறைக் கதவு, 'கனிஷ்கா, ஒதுங்கு, சூடான பாத்திரம்' என்று சொல்லிவிட்டது. அந்த எச்சரிக்கையால் அந்த அம்மாள் கை வேகாமல் தப்பியது. இயக்குநருக்கோ மானமே போய்விட்டது. மறுநாள் அவர் அலுவலகத்துக்கு வந்தார். நேராக என் கணினிக்கு வந்து, மனைவியின் பெயரைத் தன் கட்டைவிரல் வைத்துப் பூட்டினார். இனி அந்த விரல் இல்லாமல் அந்தப் பெயரில் ஓர் எழுத்தையும் அசைக்க முடியாது. கம்பங்களை வேகமாகப் பேசவைக்கும் உத்தரவையும் கையோடு கொடுத்துவிட்டுப் போனார்.

நான் மேலே எழுதினேன், வாரியத்துக்கு எழுதினேன், கண் ஆஸ்பத்திரிச் சான்றிதழை வாங்கி இணைத்தும் எழுதினேன். எல்லாமே கடைசியில் இயக்குநரின் மேசைக்குத்தான் வந்து சேர்ந்தன. அவர் ஒவ்வொன்றிலும் 'பார்வையிட்டேன்' என்று கையெழுத்துப் போட்டார். "இப்ப கம்பம் ஏலம் விடற மாதிரி பேசுது கண்ணு," என்று கனிஷ்காக்கா ஃபோனில் சொன்னார். "பாதி புரியறதே இல்ல. நான் யாரையாச்சும் புடிச்சுட்டு நடந்துக்கறேன், நீ வருத்தப்படாத." யாரைப் பிடித்துக்கொள்வது? பெரிய எழுத்துக்காரியைத் தொட யாருக்குத் துணிச்சல் வரும்?

அந்த ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலை. வடவள்ளி பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சாலையைக் கடக்க இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் கனிஷ்காக்கா. இன்னொருவர் தெருத்தெருவாகப் பூண்டு விற்கிற சடையன் என்கிற மனிதர், அவரை முன்பின் தெரியாதவர், சின்ன எழுத்து. வலது பக்கத்திலிருந்து மின்சார பஸ் வந்தது. அதற்குச் சத்தமே கிடையாது. விசாரணைக்காக அந்தப் பதிவை நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது, அதனால் அதில் வரும் ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரியும்.

கம்பம் சொன்னது: 'சடையன், நில்.' அவர் நின்றார்.

கம்பம் சொன்னது: 'மேன்மைமிகு அம்மையார் அவர்களுக்குப் பணிவான வணக்கம். தங்கள் திருவுள்ளம் இசையுமாயின், தங்கள் வலப்புறத்திலிருந்து...'

வணக்கம் தனக்குத்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தலையை லேசாகச் சாய்த்து, கேட்டுக்கொண்டே ஓர் அடி எடுத்து வைக்கிறார். சடையன் கையை நீட்டுகிறார். கை பாதியில் நின்றுவிடுகிறது. வாயைத் திறக்கிறார். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல், "அம்மையார்... அம்மையார்..." என்கிறார். கம்பமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. பஸ் போன பிறகும் அது நிறுத்தவில்லை. வாக்கியத்தை முழுதாக முடித்து, நன்றியும் சொல்லிவிட்டுத்தான் ஓய்ந்தது.

மறுநாள் காலை இயக்குநர் அலுவலகத்துக்கு வந்தார். அடக்கம் மத்தியானம்தான், உடல் வீட்டில் இருக்கிறது, இவர் இங்கே வந்து நிற்கிறார். அழுதிருந்தார். அதையும் சொல்லிவிடுகிறேன், கண் வீங்கித்தான் இருந்தது. எதிரில் உட்கார்ந்து மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"ஒருத்தரும் வல்லீங்களே அம்மணி," என்றார். "மாலை மாலையா வந்து குவியுது. மேயரு ஆபீசு, வாரியம், எல்லாம் மாலை அனுப்பிச்சுட்டாங்க. மனுசங்க ஒருத்தரு வரல. அம்மையாருக்கு ஊருல எத்தனை பேரைத் தெரியும். ஏன் வல்லீங்க?"

காலையிலிருந்து ஊர் முழுக்கக் கம்பங்கள் சொல்லிக்கொண்டிருந்த துக்க அறிவிப்பை நானும் கேட்டிருந்தேன். 'மேன்மைமிகு அம்மையார் ஒருவர் இயற்கையோடு கலந்தருளினார். வடவள்ளி இல்லத்தில் இறுதி மரியாதை.' கோயம்புத்தூரில் மேன்மைமிகு அம்மையார்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அதில் எந்த அம்மையார் போனால் யாருக்கு என்ன?

"அதான் யோசிச்சேன்," என்றார் அவர். "அறிவிப்புல மரியாதை பத்தலைன்னு நெனைக்கறேன். இன்னும் ரெண்டு அடைமொழி சேருங்க. 'பேரன்பின் இருப்பிடம்'னு ஒண்ணு. இன்னொண்ணு நீங்களே பாத்துப் போடுங்க."

எனக்குள் அதுவரை இருந்த ஏதோ ஒன்று அறுந்துபோனது. இந்த மனிதனை நான் வெறுத்தேன் என்று சொன்னால் அது குறைத்துச் சொல்வது. கூரை பற்றி எரியும்போது வாசலுக்குத் தோரணம் தேடுகிற ஜென்மம். அவரிடம் கத்தியிருக்கலாம். கத்தினாலும் கம்பத்துக்குக் கேட்கிற மாதிரிதான் அவருக்கும் கேட்டிருக்கும்.

"சேர்த்துடலாம் சார்," என்றேன்.

அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. இறந்தவர்களின் பெயர், இருப்பவர்களின் பட்டியலிலிருந்து இறந்தவர்களின் பட்டியலுக்குப் போய்விடுகிறது. கட்டைவிரல் பூட்டு இருப்பவர்கள் பட்டியலுக்கு மட்டும்தான். செத்தவர்கள் எழுத்து மாற்றக் கேட்டு வரமாட்டார்கள் என்று நினைத்து, அங்கே அவர் பூட்டே வைக்கவில்லை. அந்தப் பட்டியலைத் திறந்தேன். பெயரைத் தேடினேன். சின்ன எழுத்துக்கு மாற்றினேன். அறிவிப்பை மறுபடி ஒலிக்கவிட்டேன்.

ஜன்னலுக்கு வெளியே இருந்த கம்பம் முதலில் சொன்னது.

'கனிஷ்கா இறந்துவிட்டாள். வடவள்ளி, குமரன் வீதி. மத்தியானம் எடுக்கிறார்கள். வா.'

இயக்குநர் துள்ளி எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்தது.

"என்ன பண்ணீங்க? என்னங்க இது, 'இறந்துவிட்டாள்'ங்குது, ஊரையே 'வா'ங்குது? நிறுத்துங்க! உடனே நிறுத்துங்க!"

"ஓடிட்டிருக்கற அறிவிப்பை நிறுத்தற அதிகாரம் எனக்கு இல்லைங்க சார். உங்களுக்குத்தான் இருக்கு. விரலை வைங்க, நின்னுரும்," என்று விரல் தட்டை அவர் பக்கம் தள்ளினேன்.

அவர் கையை நீட்டினார். அதற்குள் அடுத்த கம்பம் சொன்னது. கீழே கடந்துபோன பஸ் சொன்னது. எங்கள் லிஃப்ட் சொன்னது. கனிஷ்கா இறந்துவிட்டாள், கனிஷ்கா இறந்துவிட்டாள் என்று அந்தப் பெயர் ஒவ்வொரு தெருவாக நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. நீட்டிய விரல் தட்டைத் தொடவில்லை. பிறகு அவர் என்னைப் பார்க்காமலே வெளியே நடந்தார். அவர் இருந்த நிலையில் தனியாக விடக் கூடாது என்று நானும் காரில் ஏறிக்கொண்டேன். அது இரக்கம் அல்ல. நான் போனது கனிஷ்காக்காவைப் பார்க்க.

குமரன் வீதிக்குள் கார் நுழைய முடியவில்லை. வீதி நிறையக் கூட்டம். உழவர் சந்தையே எழுந்து வந்திருந்தது. கையில் மண் ஒட்டியபடி, முந்தானையைச் செருகியபடி, சிலர் எடைக்கல்லைக்கூட கீழே வைக்க மறந்து வந்திருந்தார்கள். "என்ற தங்கமே, கனிஷ்கா, சொல்லாமப் போயிட்டியே" என்று ஒரு குரல் எழுந்தது. "அடி கனிஷ்கா, நீதான்னு தெரியாம நான் வெங்காயம் வித்துட்டு உக்காந்திருந்தேனே" என்று இன்னொரு குரல் அழுதது. சடையன் சுவரோரம் குந்தி உட்கார்ந்து, "பேரு தெரிஞ்சிருந்தாக் கூப்புட்டிருப்பேனுங்க, பேரு தெரியாமப் போச்சுங்களே" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இயக்குநர் கூட்டத்துக்குள் வழி தேடி வீட்டு வாசலை அடைந்தார். மாலைகள் வாசலை அடைத்துக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவில், வெள்ளைச் சட்டையில், யாரும் இல்லாத ஆளாக நின்றார். வாழ்நாளில் அவர் சந்தைப் பக்கம் போனதில்லை, அங்கே ஒருவருக்கும் அவரைத் தெரியாது. கொத்தமல்லி வாசம் வீசும் கையோடு ஒரு நடுவயதுப் பெண்மணி படியேறி வந்தார். கதவை மறைத்து நிற்கும் மனிதரைப் பார்த்தார்.

"நீங்க யாருங்க?"

"நான் இயக்குநர்," என்றார்.

"எந்த இயக்குநருங்க?"

அவர் கதவைப் பார்த்தார். கதவு தன் கடமையைச் செய்தது. 'மேன்மைமிகு ஐயா அவர்கள்' என்று பணிவாகச் சொன்னது.

"எந்த ஐயாங்க?" என்று அந்தப் பெண்மணி மறுபடி கேட்டார். கேலி இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

இயக்குநர் சுவரில் இருந்த காதை ஒருமுறை பார்த்தார்.

"நான் கனிஷ்கா வூட்டுக்காரனுங்க," என்றார்.

"அப்பிடிங்களா," என்றார் அந்தப் பெண்மணி. "கொஞ்சம் அக்கட்டால நில்லுங்க. அவ மொகத்தப் பாக்கோணும்."

அவர் விலகி நின்றார்.